பாலம் தாண்டிப் போய் ஏறும் கப்பல்

ஜொகூரில் துறைமுகத்துக்குக் குறைவில்லை. பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் இருக்கிறது. கேலாங் பாத்தாவுக்கு அப்பால் தஞ்சோங் பெலப்பாஸில் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்கள் வந்து நிற்கின்றன. ஸ்தூலாங் லாவுட்டிலிருந்து பாத்தாம் தீவுக்குப் படகு போகிறது. ஆனால் இரண்டு மூன்று இரவுகள் கடலில் தங்கிவரும் உல்லாசக் கப்பலில் ஏற வேண்டுமென்றால், ஜொகூர்க்காரர்கள் பெரும்பாலும் சிங்கப்பூருக்குத்தான் போகவேண்டும். மரினா பே கப்பல் முனையம் ஜொகூர் பாருவிலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்தான் இருக்கிறது. அந்த முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு நாட்டின் குடிநுழைவுச் சோதனை, ஒரு பாலம், கணிக்க முடியாத நெரிசல் எல்லாம் அடங்கியிருக்கின்றன.

கப்பல் பயணத்துக்கான குறிப்புகள் பெரும்பாலும் விமானத்தில் வந்து இறங்குபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஸ்கூடாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் கூலாயிலிருந்தும் பெட்டியை உருட்டிக்கொண்டு, வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போகிறவருக்கு அவை போதா. பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் குடும்பத்தோடு கப்பலில் போய்வந்தபோது நான் கண்டது இதுதான்: கப்பலுக்குள் எதை மறந்தாலும் சமாளித்துவிடலாம். பாலத்திலும் முனையத்தின் முகப்பிலும் செய்யும் தவறுக்குத்தான் மாற்று கிடையாது. அதனால் ஜொகூர் பயணி தன் ஆயத்தத்தில் பாதிக்கு மேல் கப்பலில் கால் வைப்பதற்கு முந்தைய நேரத்துக்கே ஒதுக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் உல்லாசக் கப்பல் தொழிலை வளர்த்ததே ஒரு மலேசிய நிறுவனம்தான். கெந்திங் குழுமம் 1993இல் ஸ்டார் குரூசஸைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் அந்தத் தொழில் நொடித்துப்போய், 2022 ஜனவரியில் தாய் நிறுவனம் கலைப்புக்கு மனுச் செய்தது. அதே ஆண்டு ஜூனில் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய பெயரோடு கெந்திங் டிரீம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டது. ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் கட்டப்பட்டு 2016இல் கடலுக்கு வந்த அந்தக் கப்பலின் நீளம் 335 மீட்டர். ராயல் கரீபியன் போன்ற அமெரிக்க நிறுவனங்களின் பெருங்கப்பல்களும் பருவத்துக்கேற்பச் சிங்கப்பூருக்கு வந்து தங்கி ஓடுகின்றன.

முதலில் எந்த முனையம் என்பதைப் பயணச்சீட்டில் பாருங்கள். சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் உண்டு. பெருங்கப்பல்கள் நிற்பது 2012இல் திறக்கப்பட்ட மரினா பே முனையத்தில். ஹார்பர்பிரண்டில் இருப்பது பழையது. பாத்தாம் படகுகளும் அங்கிருந்தே போகின்றன. பாத்தாம் போய்ப் பழகியவர்கள் அதே நினைப்பில் ஹார்பர்பிரண்டுக்குப் போய்விடுவதுண்டு. இரண்டுக்கும் இடையில் டாக்சியில் போய்விடலாம் என்றாலும், வாசல் மூடப்போகும் நேரத்தில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம்.

இனிப் பாலம். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நடந்தால் கால்மணி நேரம். அதைக் கடக்க மூன்று மணி நேரம் ஆன நாள்களை ஜொகூர் பாருவில் வாழும் எவரும் பார்த்திருப்பார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் நாளும், நீண்ட வார இறுதிக்கு முந்தைய மாலையும் மிக மோசமானவை. உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சோதனைச் சாவடிகளிலும் சேர்த்து ஒரே நாளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் கடந்த நாள்கள் உண்டு. கப்பல் விடுமுறைகளும் அதே நாள்களில்தான் மிகுதியாக விற்கின்றன.

ஜொகூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. 2014 முதல் வெள்ளி, சனி என்று இருந்த நம் மாநிலத்தின் வார விடுமுறை, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை நமக்கு விடுமுறை, சிங்கப்பூருக்கு வேலைநாள். இப்போது இரு பக்கமும் ஒரே நேரத்தில் விடுமுறைக்குக் கிளம்புகின்றன. வெள்ளியன்று புறப்படும் வார இறுதிக் கப்பலைப் பதிவு செய்தவர், வேலை முடிந்து மாலையில் பாலம் ஏறிப் பிடித்துவிடலாம் என்று எண்ணக்கூடாது. அன்று அரைநாளாவது விடுப்பு எடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை என் கணக்கு இது. வேலைநாள் என்றால் அதிகாலை ஐந்து முதல் எட்டரை வரை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் கூட்டம். அதோடு மோத வேண்டாம். ஒன்பதரை மணிக்குமேல் பாலம் ஏறினால், பிற்பகலில் புறப்படும் கப்பலுக்கும் போதிய அவகாசம் கிடைக்கும். பள்ளி விடுமுறைக் காலம் என்றால் முதல் நாளே போய் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கிவிடுவது நல்லது. அந்த ஓர் இரவின் செலவு, கப்பலைத் தவறவிட்டால் திரும்பி வராத பணத்தில் சிறு பகுதிதான்.

எப்படிக் கடப்பது? பேருந்தில் போனால் இரண்டு சாவடியிலும் பெட்டிகளோடு இறங்கி, படியேறி, சோதனை முடித்து, மறுபடியும் வரிசையில் நின்று ஏறவேண்டும். பெட்டி இல்லாத இளைஞருக்கு அது சுலபம். நாங்கள் ஜேபி சென்ட்ரலிலிருந்து தெப்ராவ் ரயிலில் போனோம். ஓட்டம் ஐந்தே நிமிடம். மலேசியச் சோதனை ஜேபி சென்ட்ரலிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூர்ச் சோதனை உட்லண்ட்ஸில் இறங்கியதும். ஐந்து ரிங்கிட் சீட்டுதான், ஆனால் விடுமுறை நாள்களுக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விற்பனை திறந்தவுடனே வாங்கி வைக்கவேண்டும். ரயிலுக்கும் கப்பல் வாசல் மூடும் நேரத்துக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலை பாதி தீர்ந்தது. அங்கிருந்து சிவப்புத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் கடைசி நிலையமான மரினா சவுத் பியர் வரை போகலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து முனையம் நடக்கும் தூரம்தான். முடியாதவர்களுக்கு டாக்சி இருக்கிறது. முதியோர் இருவர் இருந்தால் லார்க்கினிலிருந்து கிளம்பும் எல்லை தாண்டும் டாக்சியும் நல்ல வழி, அதில் பெட்டிகளைத் தூக்க வேண்டியதில்லை. உரிமம் பெற்ற டாக்சியாகப் பார்த்து ஏறுங்கள். உரிமமில்லாத தனியார் வண்டிகளைச் சிங்கப்பூர் அதிகாரிகள் பிடித்து முடக்குகிறார்கள். வண்டி பிடிபட்டால் நடுவழியில் நிற்பது பயணிதான். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே கட்டப்பட்டுவரும் நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால், இந்தப் பத்தியில் சொன்னவற்றில் பல தேவைப்படாமல் போகும். அதில் இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பது முதியோருக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்தது கடப்பிதழ். பயணம் முடிந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தில் ஐந்து பேர். நால்வருடையது சரியாக இருந்தது, சிறு பையனுடையது நான்கு மாதத்தில் முடிகிறது. தினமும் சிங்கப்பூருக்குப் போய்வருகிறோமே, ஒருவரும் கேட்டதில்லையே என்று தந்தை மன்றாடினார். ஊழியர்கள் இரக்கத்தோடு பேசினார்கள், ஆனால் ஏற்றவில்லை. தாயும் பையனும் திரும்பிப் போனார்கள். பெரியவர்களின் கடப்பிதழைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். பிள்ளைகளுடையதை எடுத்துப் பாருங்கள்.

மலேசியத் தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் நம் பெயர். கடப்பிதழில் ஏ/எல், ஏ/பி என்று தந்தை பெயரோடு சேர்த்து ஒரே தொடராக இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும், சாய்கோட்டையும் ஏற்காது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஏ/எல் சேர்த்தும் இன்னொருவருக்கு விட்டும் எழுதினால் குழப்பம் வரும். எல்லாருக்கும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். சாய்கோடு மட்டும் விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைக் கடப்பிதழில் உள்ளபடியே நிரப்புங்கள். முகவர் வழியாகப் பதிவு செய்தால் அவர் அனுப்பும் உறுதிச் சீட்டைக் கடப்பிதழின் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பணம் கட்டிய அன்றே சொன்னால் திருத்துவது எளிது. புறப்படும் வாரத்தில் சொன்னால் கட்டணம் கேட்பார்கள்.

சிங்கப்பூருக்குள் நுழைய மின்னியல் வருகை அட்டை தேவை. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் அதை நிரப்ப முடியும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் போலி. பலருக்குத் தெரியாதது, கப்பலிலிருந்து இறங்கும்போது நீங்கள் மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள் என்பது. அதற்கு இன்னோர் அட்டை நிரப்பவேண்டும். பயணம் மூன்று இரவு என்றால் அந்த மூன்று நாள் கணக்கு நீங்கள் கடலில் இருக்கும்போதுதான் தொடங்கும். கப்பல் பினாங்கிலோ போர்ட் கிள்ளானிலோ நிற்கும்போது உங்கள் மலேசியக் கைப்பேசி வழக்கம்போல் வேலை செய்யும். அங்கே ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லாருடையதையும் நிரப்பிவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து உறவினரை வரவழைத்து உடன் அழைத்துப்போகும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவருக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழையும் விசா. பாலம் வழியாக ஒரு முறை, கப்பலிலிருந்து இறங்கி ஒரு முறை என்று இரண்டு நுழைவு ஆகிவிடுகிறதே! இந்தியர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு அளித்துள்ளது; அது 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் மலேசிய மின்னியல் வருகை அட்டையை அவர்கள் நிரப்பவேண்டும். பினாங்கில் இறங்கினாலும், பிறகு பாலம் வழியாக ஜொகூருக்குத் திரும்பினாலும் அவர்களுக்கு அது புதிய நுழைவு. பயணத்தைப் பதிவு செய்யும் முன்பே விசாவைக் கவனியுங்கள்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளின் பழக்கத்தை மனத்தில் கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் அம்மாக்கள் கற்பூரம், ஊதுபத்தி, சிறு விளக்கு மூன்றையும் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். தீப்பிடிக்கக்கூடிய எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். சோறு ஆக்கும் மின்சாதனம், கெண்டி, இஸ்திரிப் பெட்டி, பழம் நறுக்கும் கத்தி எல்லாம் அப்படியே. புளிச்சோறும் சம்பலும் கட்டிக்கொண்டு போவதும் நடக்காது; வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத முறுக்கோ பிஸ்கட்டோ கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். மின்சிகரெட் வைத்திருக்கும் இளையோரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சிங்கப்பூரில் அதை வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு கிடையாது. மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு மதுவுக்கும் கிடையாது.

முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கி அட்டை கட்டிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேர மாலையோ இரவோ ஆகலாம். அதனால் கையோடு ஒரு பை வேண்டும். இனிப்புநீர் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுடை, குழந்தைக்குரியவை, கடப்பிதழ்கள் இவை அந்தப் பையை விட்டுப் பிரியக்கூடாது. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மருத்துவரின் கடிதத்தோடு வரட்டும். மாத்திரைகளை அவற்றின் சொந்த உறையிலேயே கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரையும் கடுமையான வலி மாத்திரைகள் சிலவும் சிங்கப்பூரில் கட்டுப்பாட்டுக்குள் வருபவை. அவற்றுக்கு முன்அனுமதி வேண்டியிருக்கும். பயணத்துக்குத் தேவையானதைவிட இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் மிக அதிகம். அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளும். பயணக் காப்புறுதியில் கடல் பயணமும் மருத்துவ இடமாற்றமும் அடங்கியிருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை.

கப்பலில் ஏறியதும் எல்லாரும் ஓடுவது சாப்பாட்டுக் கூடத்துக்கு. அதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சியை முடியுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே போய் ஒன்றுகூட வேண்டும் என்பதை உங்கள் அறை அட்டையும் கதவின் உட்புறமும் சொல்லும். அந்த இடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு நடந்துபோய்ப் பாருங்கள், மின்தூக்கியைப் பயன்படுத்தாமல். இது சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு நம் நீரிணையிலேயே சான்று இருக்கிறது. 1999 மே 20 அன்று மலாக்கா நீரிணையில் சன் விஸ்தா என்ற உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் தீப்பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளும் ஊழியர்களும் உயிர்காக்கும் படகுகளில் இறங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் கப்பல் மூழ்கியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. இத்தாலியில் 2012 ஜனவரியில் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது, சற்றுமுன் ஏறிய பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி தரப்பட்டிருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று உலக விதி மாறியது.

மாலையில் கப்பல் நகரும்போது மேல்தளத்துக்குப் போங்கள். சிங்கப்பூரின் தென் தீவுகளில் செயின்ட் ஜான்ஸ் தீவு உண்டு. தமிழகத்திலிருந்து சிங்கப்பூர்த் துறைக்கு வந்த கூலித் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்த தீவு அது. 1874இல் தொடங்கிய அந்த முகாமைத் தாண்டித்தான் நம்மவர் பலர் தோட்டங்களுக்குப் போனார்கள். பிறகு சாத்துமு தீவில் 1855இல் கட்டிய ராபிள்ஸ் கலங்கரை விளக்கம். கப்பல் வடமேற்கே திரும்பி நீரிணைக்குள் நுழைகையில் வலப்பக்கத்தில் வருவது ஜொகூர்க் கரை: ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய், அடுத்துக் குக்குப், இன்னும் மேலே பீசாங் தீவின் விளக்கொளி. பொந்தியானில் பிறந்து வளர்ந்தவர்கூடத் தன் ஊரைக் கடலிலிருந்து பார்த்திருக்க மாட்டார். பால்கனி அறை எடுப்பதாக இருந்தால், போகும் வழியில் கரை தெரிய வலப்பக்க அறையைக் கேளுங்கள்.

கடல் நோய்க்கு அஞ்சி வராமலிருப்போர் பலர். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் நம் நிலம். ஆண்டின் பெரும்பகுதி நீர் அமைதியாகவே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங் கரையை அடித்து நொறுக்கும் நவம்பர், டிசம்பரிலும் இந்தப் பக்கம் கப்பல் சீராகப் போகும். ஏப்ரலுக்குப் பிறகு விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீர்ப் புயல்மழை வரும், ஓரிரு மணியில் ஓய்ந்துவிடும். புக்கெட்டை ஒட்டிய அந்தமான் கடல்தான் மே முதல் அக்டோபர் வரை கொந்தளிப்பு மிக்கது. முதியோரோடு போவோர் அந்த மாதங்களில் புக்கெட்டைத் தவிர்த்துப் பினாங்கு மட்டும் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில். அந்த அறைகளின் விலையும் குறைவுதான்.

பணத்தில் மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று ஊழியர் அன்பளிப்புத் தொகை கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். கப்பலுக்குள் செலவு பெரும்பாலும் சிங்கப்பூர் வெள்ளியிலோ அமெரிக்க டாலரிலோ இருக்கும். ரிங்கிட் கணக்கில் மூன்று மடங்குக்கு மேல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மூன்றாவது கைப்பேசி. நடுக்கடலில் அது தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பைப் பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிட அழைப்புக்கும் சில படங்கள் இறங்குவதற்கும் நூற்றுக்கணக்கான ரிங்கிட் கட்டணம் வந்தவர்களை எனக்குத் தெரியும். கரை மறைவதற்குள் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். சூதாட்டக் கூடத்தைப் பற்றியும் ஒரு சொல்: வீட்டில் அந்தப் பழக்கத்தால் துன்பப்பட்டவர் ஒருவர் இருந்தால், கப்பல் விடுமுறை அவருக்கு ஏற்றதல்ல. வேறு இடம் போங்கள்.

சாப்பாட்டுக்கு அஞ்ச வேண்டாம். இந்தியப் பயணிகள் இந்த வழித்தடத்தில் ஏராளம். சைவ உணவும் ஜைன முறை உணவும்கூடக் கிடைக்கும். ஆனால் முன்பதிவின்போதே சொல்லிவைத்தால் சமையலறை நன்றாகக் கவனிக்கும். குளிரூட்டியின் குளிருக்கு முதியோருக்குச் சால்வை அவசியம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்கு நோய்க்கிருமி கைத்தூய்மித் திரவத்துக்கு எளிதில் அடங்காது.

புக்கெட்டில் பெருங்கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்க, சிறு படகில் கரைக்குப் போகவேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது கடினம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி பின்தங்கியது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கக்கூடும். கரையில் கால் வைத்ததும் கைப்பேசி தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். அதைப் பார்த்துத் திரும்பினால் கப்பல் போயிருக்கும். கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள்.

எங்களோடு வந்த பெரியம்மா பாத்தோங்கில் படகைப் பார்த்ததும், “நாகப்பட்டணத்துலயும் இப்படித்தான்யா. கப்பல் தூரத்துல நிக்கும், படகுலதான் கொண்டுபோய் ஏத்துவாங்க” என்றார். அவர் சிறுமியாக வந்தது எஸ்எஸ் ராஜுலாவில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறை, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தளத்துப் பயணிகளை ஆயிரக்கணக்கில் ஏற்றிய கப்பல். பாய் விரித்த இடம்தான் அறை. தகரப் பெட்டி, சொம்பு, ஊறுகாய் ஜாடி, வாந்திக்கு எலுமிச்சம்பழம். இவையே அன்றைய ஆயத்தம். அதற்குப் பின் வந்த எம்வி சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியது, பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு கப்பல் போக்குவரத்து முடிந்தது. அதனால்தான் பாதுகாப்புப் பயிற்சியின்போது, இளையவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பெரியம்மா மட்டும் உயிர்காப்பு மேலங்கியின் வார்களைக் கட்டிக் கட்டிப் பழகினார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவரிடம், “எப்படி இருக்கு பெரியம்மா?” என்று கேட்டேன். “அப்ப ஏழு நாளும் மேல வந்து கடலைப் பார்க்க விடலய்யா எங்கப்பா. கூட்டத்துல தொலைஞ்சிருவேன்னு பயம்” என்றார்.

தோட்டங்களில் பால் வெட்டி, நம்மைப் படிக்கவைத்த அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்போர் எண்பதை நெருங்குகிறார்கள். கப்பல் விடுமுறை என்றதும் பிள்ளைகளுக்கான நீர்ச்சறுக்கையும் காட்சிகளையும்தான் நாம் பார்க்கிறோம். உண்மையில் நடக்க முடியாத முதியவருக்கு இதைவிட ஏற்ற பயணம் இல்லை. பெட்டியைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டாம், அறை கூடவே வரும், களைத்தால் படுக்கலாம், ஊர் மட்டும் மாறும். முன்பதிவின்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். மின்தூக்கிக்கு அருகில் அறை கேளுங்கள். எங்கும் நிற்காமல் கடலைச் சுற்றித் திரும்பும் பயணத்தை விடுத்து, பினாங்கில் நிற்கும் பயணத்தை எடுங்கள்.

அங்கே சுற்றுலாப் பேருந்துக்குப் பணம் கட்டவும் தேவையில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறைமேடை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. லிட்டில் இந்தியாவும், 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும், நாகூர் ஆண்டவர் பேரில் எழுந்த தர்காவும் நடந்து போகும் தூரம். நடக்க இயலாதவர்க்குச் சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த பள்ளி விடுமுறைக்கு அவருடைய கடப்பிதழைத்தான் முதலில் புதுப்பியுங்கள்.